கரிசல் மண்ணில் தூண் மேல் தோட்ட ரயில்: பாதை மட்டம் நிற்க மாட்டேன் என்கிறது

மீட்டர்கேஜ் பையன் (கோவில்பட்டி)

வணக்கம். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் 45 மி.மீ. அகலத்தில் ஒரு சுற்றுப் பாதை போட்டிருக்கிறேன். 1:22.5 அளவுகோலில் பார்த்தால் 45 மி.மீ. என்பது கிட்டத்தட்ட மீட்டர்கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர். அப்பா மீட்டர்கேஜ் காலத்தில் ரயில் பாதை பராமரிக்கும் கேங்மேனாகச் சேர்ந்து, பாதையை நடந்து சோதிக்கும் கீமேனாக ஓய்வு பெற்றவர். அவருக்காகத்தான் இந்தப் பாதை. முட்டி வலியால் தரையில் குனிந்து பொம்மை ஆவி எஞ்சினைக் கையாள அவரால் முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேஸ் நிரப்ப, தண்ணீர் ஊற்ற, பற்றவைக்க வேண்டும் என்பதால் பாதையை 80 செ.மீ. உயரத்துக்குத் தூக்கினேன்.

போட்ட விதம்: 4 அங்குல பிவிசி குழாயில் கான்கிரீட் நிரப்பிய தூண்கள். குழி ஒன்றரை அடி. நேர்ப் பாதையில் 4 அடிக்கு ஒன்று, வளைவில் 2 அடிக்கு ஒன்று, ஆக 26 தூண். மேலே 9 அங்குல அகலக் கடப்பா கல். அதன் மேல் பித்தளைத் தண்டவாளம். சுற்றளவு 21 மீட்டர், வளைவின் ஆரம் ஒன்றரை மீட்டர்.

முதல் வருடம் அருமையாக ஓடியது. ஐப்பசி மழைக்குப் பிறகு 7, 8 ஆம் தூண்கள் மேலே வந்துவிட்டன. கோடையில் வேப்பமரத்துப் பக்கம் மூன்று தூண்கள் இறங்கிவிட்டன. எஞ்சின் ஏற்றத்தில் திணறி நிற்கிறது, இறக்கத்தில் பாய்கிறது. என் எஞ்சினுக்கு ரிமோட் கிடையாது, ஆவியைத் திறக்கும் ரெகுலேட்டரை ஒரு தடவை திறந்துவிட்டால் அதன் போக்கில்தான் ஓடும். போன மாதம் அப்படிப் பாய்ந்து வளைவில் தடம் புரண்டு கீழே விழுந்தது. முன் பஃபர் வளைந்து, ஒரு பக்க ராடு கோணிக்கொண்டது. அப்பா அன்று முழுக்க எதுவும் பேசவில்லை.

இன்னொன்று. சித்திரை வெயிலில் நேர்ப் பாதை பாம்பு மாதிரி நெளிந்துவிட்டது.

எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு ஆழமாகத் தோண்டி மறுபடி போடலாமா, இல்லை வேறு வழி இருக்கிறதா?

லெஸ்டர் நீராவி (இங்கிலாந்து)

தம்பி, எஞ்சின் விழுந்ததைப் படித்ததும் மனது கனத்துவிட்டது. முதலில் அதைப் பேசிவிடுவோம். 80 செ.மீ. உயரத்தில் பாதை போட்டால் இரண்டு பக்கமும் விளிம்பு கட்டாயம் வேண்டும். தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்கு மேல் ஒரு 3 செ.மீ. நின்றாலே போதும். தடம் புரண்டாலும் எஞ்சின் சாய்ந்து விளிம்பில் உரசி நின்றுவிடும். வளைவின் வெளிப்பக்கம் இன்னும் உயர்த்தலாம். என்னுடையது 32 மி.மீ. பாதை, டார்ஜிலிங் மலை ரயிலின் பி வகுப்பு எஞ்சின் மாதிரியை ஓட்டுகிறேன். 16 வருடத்தில் நான்கு முறை புரண்டிருக்கிறது, ஒரு தடவைகூடத் தரையைத் தொடவில்லை.

இரண்டாவது கேள்வி. தண்டவாளத்தை எந்த மாதம் இணைத்தீர்கள், எத்தனை இடத்தில் திருகு போட்டீர்கள்?

மீட்டர்கேஜ் பையன்

மார்கழி மாதம், காலையில். இடைவெளி விடாமல் இறுக்கிச் சேர்த்தேன். தண்டவாளத்துக்கு அடியில் உள்ள ஒவ்வொரு கட்டைக்கும் (ஸ்லீப்பர்) இரண்டு திருகு, கடப்பாவில் துளையிட்டுப் பிளக் வைத்து முடுக்கினேன். அசையக் கூடாது என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தேன்.

லெஸ்டர் நீராவி

நெளிந்ததன் காரணம் அதிலேயே இருக்கிறது.

பித்தளை ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு 0.019 மி.மீ. நீளும். உங்கள் ஊரில் மார்கழி விடியலுக்கும் சித்திரை மதியத்துக்கும் தண்டவாளத்தின் சூட்டில் 40 டிகிரி வித்தியாசம் தாராளமாக வரும். 21 மீட்டரை அதால் பெருக்கினால் 16 மி.மீ. அவ்வளவு நீளம் போக இடமில்லாமல்தான் பக்கவாட்டில் நெளிந்திருக்கிறது. அடியில் இருக்கும் கல் அதில் பாதிகூட நீளாது, அதனால் கல்லோடு சேர்ந்து நகரும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

திருகுகளில் முக்கால்வாசியைக் கழற்றிவிடுங்கள். 3 அடிக்கு ஒன்று போதும். அதையும் முழுசாக முடுக்காமல் அரைச் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். கட்டையில் துளை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கட்டும். மூடிய சுற்று என்பது ஒரு வசதி: தளர்வாக இருந்தால் சுற்று முழுதும் வெளிப்பக்கம் இரண்டரை மி.மீ. அகலும், அவ்வளவுதான். கண்ணுக்கே தெரியாது. அதோடு ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் இடைவெளி. வெயிலில் போட்டால் ஒட்டினாற்போல, பனியில் போட்டால் மீட்டருக்கு முக்கால் மி.மீ.

ஓய்வு பொறியாளர் (மதுரை)

தண்டவாள விஷயத்தை லெஸ்டர் சரியாகச் சொல்லிவிட்டார். தூண் விஷயத்துக்கு வருகிறேன். 30 வருடம் கரிசல் பூமியில் கட்டடம் கட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் தூண்கள் உறுதியாகத்தான் இருக்கின்றன. அவை நிற்கும் மண்தான் ஏறி இறங்குகிறது. கரிசலில் மான்ட்மொரிலோனைட் என்ற களிமண் கனிமம் நிறைய இருக்கிறது. அது தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் உங்கள் ஊர்க் காட்டில் கை முழுசும் உள்ளே போகும் அளவுக்கு வெடிப்பு விடுமே, அந்த வெடிப்பு எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு ஆழத்துக்கும் மண் உயிரோடு அசைகிறது என்று அர்த்தம். நீங்கள் ஒன்றரை அடியில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. உப்பும் மண் தூணை அடியிலிருந்து மட்டும் தள்ளுவதில்லை, பக்கங்களைப் பிடித்து மேலே இழுக்கிறது. குழியைச் சொரசொரப்பாகத் தோண்டி நேரே கான்கிரீட் ஊற்றினால் மண்ணுக்கு நல்ல பிடிமானம் கொடுத்த மாதிரி. கட்டடத்துக்கு இதற்காகவே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் அண்டர் ரீம்டு பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) என்ற முறையை உருவாக்கியது. அடியில் குமிழ் மாதிரி அகலப்படுத்துவார்கள், குமிழின் விட்டம் தண்டின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு. ஆழமான கரிசலில் குறைந்தது 3.5 மீட்டர் கீழே போக வேண்டும். ஒரு பொம்மை ரயிலுக்கு 26 பைல் போடச் சொல்ல எனக்கு மனசு வராது.

முதலில் அளந்து பாருங்கள். டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) இருக்கிறதல்லவா, வீட்டுச் சுவரில் ஒரு நிலையான கோடு போட்டு, அதிலிருந்து 26 தூணின் உயரத்தையும் நோட்டில் எழுதுங்கள். 7, 8 ஆம் தூணுக்குப் பக்கத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள்.

டொரன்டோ தண்டவாளம் (கனடா)

பொறியாளர் ஐயா, நீங்கள் கரிசலைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு வரியும் எங்கள் பனிக்கும் பொருந்துகிறது. இங்கே மண்ணில் இருக்கும் ஈரம் உறைந்து உப்பும். அதுவும் தூணின் பக்கத்தைக் கவ்விப் பிடித்து மேலே தூக்கும். கட்டட விதிப்படி 4 அடிக்குக் கீழே அடித்தளம் இறங்க வேண்டும். முதல் வருடம் நான் இரண்டடி மட்டும் தோண்டி மரத்தூண் நட்டேன். பங்குனியில் பனி உருகியபோது ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு உயரத்தில், குழந்தைக்குப் பல் முளைத்த மாதிரி நின்றது.

அதன் பிறகு ஆழம் தோண்டும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். இப்போது என் தூண்கள் மண்ணுக்குள் போகவே இல்லை. மேல்மண்ணை ஒரு சாண் எடுத்துவிட்டு ஜல்லி கொட்டி இடித்து, அதன் மேல் ஒரு கான்கிரீட் பலகை, பலகையின் மேல் தூண். தூணின் தலையில் உயரத்தை ஏற்றி இறக்கத் திருகாணி. பூமி எப்படியும் அசையட்டும், நான் வருடத்துக்கு ஒரு முறை சித்திரையில் அரை நாள் உட்கார்ந்து ஸ்பேனரால் மட்டம் பிடிக்கிறேன். 11 வருடமாக இப்படித்தான்.

கொத்தனார் மகன் (திருப்பூர்)

அண்ணே, நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பலகை மேல் வைத்த தூண் 80 செ.மீ. உயரத்தில் ஆடும். குழந்தைகள் வந்து சாயும், மாடு உரசும். எஞ்சின் நாலு கிலோதான், ஆனால் சாய்கிற ஆள் 60 கிலோ. எங்கள் பக்கம் வேலிக்குக் கல்லுக்கால் ஊன்றுவோம். 6 அடிக் கல்லில் இரண்டரை அடி மண்ணுக்குள் போய்விடும், காலத்துக்கும் நிற்கும். கரையானும் அரிக்காது, துருவும் பிடிக்காது. பிவிசி குழாய் வெயிலில் நொறுங்கிவிடும், கல் நொறுங்காது.

கடப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை: துளையிடும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே வைரப் பிட்டில் போடுங்கள். சுத்தியல் டிரில்லில் அடித்தால் அடுக்கு அடுக்காகப் பெயர்ந்துவிடும். பெயர்ந்தது உடனே தெரியாது, இரண்டு மழை கழித்துத்தான் தெரியும்.

டொரன்டோ தண்டவாளம்

தம்பி, கல்லுக்கால் நிற்கும், சரி. ஆனால் வேலிக்கு மட்டம் வேண்டாம். ஒரு கால் ஒரு அங்குலம் ஏறினால் வேலிக்கு என்ன நஷ்டம்? இங்கே 4 அடி இடைவெளியில் 14 மி.மீ. ஏறினாலே கிட்டத்தட்ட 1.2 சதவீத ஏற்றம். சின்ன ஆவி எஞ்சினுக்கு அது மலை.

யாழ் மண் (யாழ்ப்பாணம்)

வாசிச்சுக்கொண்டு வாறன், நல்ல விசயம் கதைக்கிறீங்கள். எங்கட பக்கம் இதுக்கு நேர்மாறு. ஒரு முழம் தோண்டினால் சுண்ணாம்புக்கல். தூண் அசையாது, ஆனால் குழி எடுக்கிறதுதான் பெரும்பாடு. கடல் காத்துக்கு இரும்பு நிக்காது, திருகாணி வைக்கிறதெண்டால் துருப்பிடிக்காத எஃகிலை வையுங்கோ. நான் சாதாரண ஆணி வைச்சு, மூண்டாம் வருசம் வெட்டித்தான் எடுத்தனான்.

மீட்டர்கேஜ் பையன்

அளந்துவிட்டேன். பொறியாளர் சார் சொன்ன மாதிரி நோட்டுப் போட்டு, மூன்று ஞாயிறு தொடர்ந்து அளந்தேன்.

7, 8: 14 மி.மீ. மேலே. பக்கத்தில் பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் சின்ன வாய்க்கால் இருக்கிறது, அது கசிகிறது. 15, 16, 17: 20 மி.மீ. கீழே. மூன்றும் வேப்பமரத்திலிருந்து 8 அடிக்குள். மற்ற 21 தூணும் 4 மி.மீ.க்குள் இருக்கின்றன. இதைப் பார்த்த பிறகுதான் எனக்கே ஆச்சரியம். முழுப் பாதையும் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கெட்டது ஐந்து இடம்தான்.

ஓய்வு பொறியாளர்

பாதி வேலை முடிந்துவிட்டது. ஒரு பக்கம் வாய்க்கால் மண்ணுக்குத் தண்ணீர் கொடுக்கிறது, இன்னொரு பக்கம் வேர் தண்ணீரை உறிஞ்சுகிறது. மண்ணில் ஈரம் எங்கும் ஒரே மாதிரி இருந்தால் எல்லாத் தூணும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், பாதைக்குத் தொந்தரவே இல்லை. ஈர வித்தியாசம்தான் வில்லன். வாய்க்காலை மூடிய குழாயாக மாற்றுங்கள். மரத்தை வெட்ட வேண்டாம், அந்த மூன்று தூணுக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்யலாம்.

லெஸ்டர் நீராவி

இங்கே 1976 இல் பெரிய வறட்சி. லண்டன் களிமண்ணில் கட்டிய வீடுகளின் சுவர்கள் ஆயிரக்கணக்கில் விரிசல் விட்டன, அதிலும் மரத்தை ஒட்டிய வீடுகள்தான் அதிகம். உங்கள் வேப்பமரமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

மாடித் தோட்டம் (சென்னை)

இடையில் ஒரு கேள்வி. மொட்டை மாடியில் இதைப் போடலாமா? தூணே வேண்டாமல்லவா?

கொத்தனார் மகன்

போடலாம். தளத்தில் மட்டும் துளை போடாதீர்கள், மழைத் தண்ணீர் இறங்கிவிடும். ஹாலோ பிளாக்கை வெறுமனே அடுக்கி, அதன் மேல் பலகை வைத்தால் போதும். நாளைக்கு ஒழுகல் வந்தாலும் எடுத்துவிட்டு வேலை பார்க்கலாம். தளம் வடிகாலைப் பார்த்துச் சரிந்திருக்கும், அதைப் பிளாக்குக்கு அடியில் சரிக்கட்ட வேண்டும்.

மீட்டர்கேஜ் பையன்

அப்பாவுக்கு இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். டொரன்டோ அண்ணன் எழுதியதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்கிறேன்:

"எந்தத் தண்டவாளம் போட்ட இடத்திலேயே நின்றது? நாங்கள் எதற்கு இருந்தோம்? மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை, பீட்டர் என்கிற ஜல்லி இடிக்கும் கருவியை எடுத்துக்கொண்டு கட்டைக்கு அடியில் ஜல்லியை அடித்து அடித்துத் தூக்குவோம். அதற்குப் பேக்கிங் என்று பேர். பாதையில் ஜல்லி போடுவதே அதற்காகத்தான், தூக்கவும் இறக்கவும் வசதியாக. நீ கட்டையைக் கல்லில் திருகிவிட்டாய், கல்லைச் சிமென்டில் பதித்துவிட்டாய். அப்புறம் எதைத் தூக்குவாய்? குளிர் காலத்தில் தண்டவாளத்தை இணைக்கும் ஃபிஷ் பிளேட்டைக் கழற்றி, கிராஃபைட்டையும் மண்ணெண்ணெயையும் குழைத்துப் பூசுவோம், வெயில் வந்ததும் தண்டவாளம் வழுக்கி நீளட்டும் என்று. இதெல்லாம் உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன்."

உண்மைதான், சொல்லியிருக்கிறார். நான் கேட்டதைப் பாதையில் போடவில்லை.

அதனால் முடிவு இது: நன்றாக நிற்கும் 21 தூணின் அடித்தளத்தைத் தொடப்போவதில்லை. கெட்ட ஐந்துக்கும் கல்லுக்கால், கொத்தனார் மகன் சொன்னபடி. ஆனால் 26 தலையிலும் திருகாணி.

ஓய்வு பொறியாளர்

நல்ல முடிவு. அந்த ஐந்து கல்லுக்கும் குழியை 4 அடி எடுங்கள். 8 அடிக் கல் வாங்கினால் தேவைக்கு வெட்டிக்கொள்ளலாம். அடியில் ஒரு அடிக்கு மட்டும் கான்கிரீட். மேலே மிச்சமிருக்கும் 3 அடிக்கு கல்லைச் சுற்றி 10 அங்குலக் குழாயைச் செருகி, இடைவெளியில் ஆற்று மணலையோ எம் சாண்டையோ தளர்வாக நிரப்புங்கள். மண் உப்பினால் குழாயைப் பிடித்து இழுக்கட்டும், கல்லைத் தொட முடியாது. குழாயின் வாயைத் தரைக்கு இரண்டு அங்குலம் மேலே விட்டு மூடிவிடுங்கள், மழைத் தண்ணீர் உள்ளே போய்த் தேங்கக் கூடாது.

டொரன்டோ தண்டவாளம்

ஐயா, இங்கேயும் வழவழப்பான அட்டைக் குழாயில்தான் கான்கிரீட் ஊற்றுகிறார்கள், பனி பிடிக்காமல் வழுக்கட்டும் என்று. இரண்டு ஊரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன!

மீட்டர்கேஜ் பையன்

ஏழு மாதம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், வேலையை முடித்து ஒரு மழையும் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

தலை அமைப்பு: 12 மி.மீ. மரைக்கம்பி, துருப்பிடிக்காத எஃகு, ஒன்றரைச் சாண் நீளம். தூணின் தலையில் துளையிட்டு எபாக்சியில் நிறுத்தியிருக்கிறேன். அதில் ஒரு நட்டு, நட்டின் மேல் 4 அங்குலச் சதுரத் தகடு, தகட்டின் மேல் இன்னொரு நட்டு. இந்தத் தகட்டின் மேல் நேரடியாகக் கடப்பா இல்லை. இரண்டு தூணுக்கு நடுவே 40 மி.மீ. ஸ்கொயர் டியூப் இரண்டு ஓடுகிறது, ரெட் ஆக்சைடு இரண்டு கோட். அதன் மேல்தான் கடப்பா, துண்டுக்குத் துண்டு 5 மி.மீ. இடைவெளி, தண்ணீர் வடிய. கம்பியின் நுனி இரண்டு டியூபுக்கும் நடுவில் நின்றுவிடுகிறது, கல்லைத் தொடுவதில்லை. வெல்டிங் பட்டறைக்காரர் முதலில் எல்லாவற்றையும் சேர்த்துப் பற்றவைக்கப் பார்த்தார். ஒவ்வொரு கட்டமும் தனியாகக் கழல வேண்டும் என்று புரியவைக்க ஒரு டீ ஆனது.

லெஸ்டர் அண்ணன் சொன்ன விளிம்புக்கு அலுமினிய ஆங்கிள். வளைவில் வெளிப்பக்கம் 5 செ.மீ. கறுப்புக் கல் ரொம்பச் சுடுகிறது என்பதால் மேலே சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். தண்டவாளத்தில் திருகு 3 அடிக்கு ஒன்று, அரைச் சுற்றுத் தளர்வு. இணைப்புகளில் அப்பாவே கிராஃபைட் பூசினார், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. அது ஓய்ந்த ஞாயிறு காலை டியூப் மட்டத்தை எடுத்தோம். மண் குழாயைத் தூக்கியிருக்கிறது, குழாயின் வாய் முன்னே இருந்ததைவிட நன்றாகவே மேலே தெரிகிறது. கல் நகரவில்லை. வேப்பமரத்துப் பக்கமும் அப்படியே. பழைய தூண்களில் மூன்று ஏறியிருந்தன, அதிகபட்சம் 6 மி.மீ. 12 மி.மீ. மரையில் ஒரு முழுச் சுற்றுக்கு 1.75 மி.மீ., ஆக மூன்றரைச் சுற்று. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கீழ் நட்டில் ஸ்பேனரை வைத்தார். அவருக்கு மட்டக் குழாய் தேவைப்படவில்லை. கன்னத்தைத் தண்டவாளத்தின் மட்டத்துக்குச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பார்த்துக்கொண்டே திருகினார். "போதும்" என்று அவர் நிறுத்திய பிறகு நான் குழாயை வைத்துப் பார்த்தேன். அரை மி.மீ. வித்தியாசம்கூட இல்லை. மூன்று தூணும் முடிய 40 நிமிடம்.

அப்புறம் எஞ்சினைப் பற்றவைத்தோம். முன்பெல்லாம் சுற்றுக்கு இரண்டு இடத்தில் சத்தம் மாறும், இழுக்கும்போது ஒரு மாதிரி, பாயும்போது ஒரு மாதிரி. இப்போது 21 மீட்டரும் ஒரே தாளம். கேஸ் தீரும் வரை, ஏறக்குறைய 20 நிமிடம், யாரும் கை வைக்கவில்லை.

கொத்தனார் மகன்

அண்ணே, படிக்கும்போதே சந்தோசமாக இருக்கிறது. அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நட்டுக்குக் கிரீஸ் வைத்தீர்களா? எஃகில் எஃகு உராய்ந்தால் கவ்விக்கொள்ளும்.

மீட்டர்கேஜ் பையன்

வைத்தேன் தம்பி. மேலே ஒரு பிளாஸ்டிக் மூடியும் போட்டிருக்கிறேன்.

இப்போது ஒரே ஒரு தொந்தரவு பாக்கி. கழுகுமலைப் பக்கமிருந்து வரும் மயில்கள் விடிகாலையில் விளிம்பின் மேல் வரிசையாக உட்கார்ந்துகொள்கின்றன. எச்சம் காய்ந்து தண்டவாளத்தில் ஒட்டிக்கொண்டால் சக்கரம் வழுக்குகிறது. துரத்த மனசில்லை. காலையில் ஈரத்துணியால் துடைக்கும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். வேறு ஏதாவது வழி தெரிந்தால் எழுதுங்கள்.

யாழ் மண்

அண்ணை, துடைக்கிறதுதான் நல்லது. ஒரு சரக்குப் பெட்டிக்கு அடியிலை கொஞ்சம் பாரம் வைச்சு, ஈரச்சாக்குத் துண்டு கட்டி முதல் சுற்று ஓட்டிவிடுங்கோ. நான் காகத்துக்கு அப்பிடித்தான் செய்யிறனான்.